வீட்டுத் திரையில் பழைய படங்கள்

பழைய நூல் நூலகத்தின் அலமாரியில் வாசகனுக்காகக் காத்திருக்கும். ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் வந்து தூசி தட்டிப் பிரித்தாலும் அதே சொற்கள் அதே வரிசையில் அவரை வரவேற்கும். திரைப்படத்திற்கு அந்தப் பேறு நெடுங்காலம் வாய்க்கவில்லை. ஊருக்குப் படப்பெட்டி வந்தது. சில நாள்கள் ஓடியது. மறுபடி பெட்டியிலேறி அடுத்த ஊருக்குப் போயிற்று. பார்த்தவர் நெஞ்சில் எஞ்சியது எதுவோ அதுவே படம். நினைத்தபோது அதனைத் திரும்பப் பார்க்கும் உரிமை, படத்தை எடுத்த முதலாளிக்கு ஓரளவு இருந்தது. காசு கொடுத்துப் பார்த்த மக்களுக்கு இல்லை.

அந்த உரிமை இன்று நாட்றம்பள்ளியின் தெருக்களில் உள்ள எளிய வீட்டிற்கும் வந்துவிட்டது. ஏலகிரி மலையின் அடிவாரத்தை அடுத்து, சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் அமைந்த நம் ஊரில், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்கூடங்களிலிருந்தும் காலணி ஆலைகளிலிருந்தும் மாலையில் திரும்புகின்ற ஒரு தாய், இரவு உணவுக்குப் பின் 1948ஆம் ஆண்டுப் படம் ஒன்றைத் தன் பேரப்பிள்ளைகளோடு பார்க்க இயலும். இது எவ்வாறு நிகழ்ந்தது? இதனால் நாம் பெற்றது என்ன? காப்பாற்றத் தவறி இழந்தது என்ன? இவற்றை நாம் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்பது நலம்.

பெட்டியோடு வந்து பெட்டியோடு போனவை

தமிழகத்தில் படக்காட்சியை ஊர்தோறும் கொண்டுசென்ற முன்னோடி ஒரு கத்தோலிக்கர் என்பது நம்மில் பலர் மறந்துபோன செய்தி. கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் (1883–1942) திருச்சியில் ரயில்வேப் பணியில் இருந்தவர். 1905ஆம் ஆண்டில் தூப்பாண் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில படச்சுருள்களையும் அவர் விலைக்கு வாங்கினார். அவற்றுள் ஒன்று இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் பேசாப் படம். வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். 1914இல் கோவையில் 'வெரைட்டி ஹால்' என்னும் நிலையான அரங்கை எழுப்பினார். பின்னாளில் சிற்றூர்களுக்குத் திரைப்படத்தைக் கொண்டுவந்த 'டூரிங் டாக்கீஸ்' என்னும் கீற்றுக் கொட்டகைக்கு அவரே வழிகாட்டி.

நமது வேலூர் மண்ணுக்கும் இவ்வரலாற்றில் சிறப்பான இடம் உண்டு. தென்னிந்தியாவின் முதற் கதைப்படமாகிய 'கீசக வதம்' என்னும் பேசாப் படத்தை எடுத்த ஆர். நடராஜ முதலியார் 1885இல் வேலூரில் பிறந்தவர். சென்னையில் மோட்டார் வாகன உதிரிப்பாகங்கள் விற்றுவந்த அவர், ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் தொழில் கற்றுக்கொண்டு, புரசைவாக்கத்தில் ஒரு படப்பிடிப்புக் கூடம் அமைத்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் உருவாகிய அந்தப் படமும், அதற்குப் பின் அவர் எடுத்த படங்களும் இன்று ஒன்றுகூட இல்லை. எந்தத் தொலைக்காட்சியிலும் எந்த இணையதளத்திலும் நாம் தேடிக் காண முடியாதவை அவை. பழைய படங்களை வீட்டில் அமர்ந்து பார்க்கும் இன்பத்தைப் பற்றிப் பேசப் புகும்போது, முதற்படமே நம் கைக்கு வாராமல் போயிற்று என்னும் துயரத்தையும் நாம் உடன் நினைக்கவேண்டியிருக்கிறது.

கீற்றுக் கொட்டகையில் படம் பார்த்த அனுபவத்தை இன்றைய இளைஞர் அறியார். மணல் தரையில் அமர்வோருக்கு ஒரு கட்டணம், பலகைக்கு ஒன்று, நாற்காலிக்கு ஒன்று. ஒரே ஒரு படக்கருவி இருந்தமையால், சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும். ஒரு படத்திற்கு மூன்று இடைவேளை, நான்கு இடைவேளை என்பது இயல்பு. நகரத்தில் வெளியாகிப் பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்தே படம் அங்கு வரும். ஆதலால் சிற்றூர் மக்களுக்குத் திரைப்படம் என்பது தொடக்கம் முதலே 'பழைய படம்' தான். புதியது, பழையது என்னும் பேதத்தைப் பெரிதாக எண்ணாமல், வந்ததை வரவேற்ற எளிய இரசிகர்கள் அவர்கள்.

செவியால் கண்ட காலம்

படம் வீட்டுக்குள் நுழைவதற்கு நெடுநாள் முன்பே அதன் ஒலி நுழைந்துவிட்டது. இதனை வரலாறு எழுதுவோர் போதிய அளவு கவனிப்பதில்லை. முதலில் வந்தது பாட்டுப் புத்தகம். சில காசுகளுக்குக் கொட்டகை வாயிலில் விற்ற அந்த மெல்லிய நூலில் கதைச் சுருக்கமும், நடிகர் பட்டியலும், எல்லாப் பாடல்களும் இருந்தன. அதனை வீட்டில் வைத்துக்கொண்டு பாடியவர்கள் படத்தை மனத்தில் மறுபடி ஓட்டிக்கொண்டார்கள். அடுத்து வந்தது இசைத்தட்டு. அதன்பின் வானொலி. ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலியில் ஒலிச்சித்திரம் என்னும் பெயரால் முழுப்படத்தின் ஒலியும் சுருக்கித் தரப்பெற்றது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை, பழைய பாடல்களை நம் அடுக்களை வரைக்கும் கொண்டுவந்தது. பின்னர் ஒலிநாடாக்கள் பெருகியபோது, திருவிழாப் பந்தலிலும் திருமண வீட்டிலும் 'கதை வசனம்' ஒலிபெருக்கியில் முழங்கியது. படத்தை ஒருமுறையும் பார்த்திராத சிறுவனுக்கும் வசனம் முழுவதும் மனப்பாடம்.

இந்தப் பாட்டுப் புத்தகங்களின் பயன் அக்காலத்தில் எவருக்கும் தெரியவில்லை. 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' இன்று நம்மிடம் இல்லை. அக்காலப் படங்கள் பலவற்றைப் பற்றி நாம் அறிந்திருப்பதெல்லாம் பாட்டுப் புத்தகங்களாலும், பத்திரிகை விளம்பரங்களாலும், நிழற்படங்களாலுமே. கோட்டையூர் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் இத்தகைய சிறு வெளியீடுகளையும் குப்பை என்று தள்ளாமல் தம் இல்லத்தில் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்தபின், அச்சேகரிப்பே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. 'பிலிம் நியூஸ்' ஆனந்தன், ஒவ்வொரு தமிழ்ப்படத்தின் விவரத்தையும் நிழற்படத்தையும் தொகுப்பதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார். சு. தியடோர் பாஸ்கரன், அஞ்சல் துறையில் பணியாற்றிக்கொண்டே தமிழ்த் திரை வரலாற்றை ஆராய்ந்து நூல்கள் எழுதினார். அரசு செய்யத் தவறியதைத் தனிமனிதர் ஆர்வம் செய்திருக்கிறது.

பெட்டி வீட்டுக்குள் வந்தது

இந்தியாவில் தொலைக்காட்சி 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஆனால் அதன் அலைகள் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் கடந்து வெகுதொலைவு செல்லவில்லை. சென்னைக்கு இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நம் பகுதிக்கு அது செவிவழிச் செய்தியாகவே இருந்தது. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. 1984இல் நாளுக்கு ஒன்று என்று சொல்லத்தக்க வேகத்தில் நாடெங்கும் சிறு ஒளிபரப்பு நிலையங்கள் அமைக்கப்பெற்றன. ஓட்டு வீட்டின் கூரைமேல் நெடிய கம்பம் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, 'இப்போது தெரிகிறதா?' என்று மேலிருந்து ஒருவர் கேட்க, 'புள்ளிதான் தெரிகிறது' என்று கீழிருந்து ஒருவர் சொல்லும் காட்சி அக்காலத்தில் எவ்வூருக்கும் பொதுவானது.

வெள்ளிக்கிழமை மாலையின் 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியும், ஞாயிறு மாலையின் தமிழ்ப் படமும் தெருவையே ஒரு வீட்டில் கூட்டின. தொலைக்காட்சி உள்ள வீட்டார் கதவைத் திறந்துவைத்தனர். அண்டை வீட்டார் தரையில் அமர்ந்தனர். ஞாயிறு மாலைப் படம் பெரும்பாலும் பழைய படமே. வாரம் ஆறு நாள் தோலின் வாடையிலும் இரசாயனத்தின் காரத்திலும் உழைத்த மக்களுக்கு அந்த மூன்று மணிநேரம் அரிய ஓய்வு. தாம் இளமையில் மணல் தரையில் அமர்ந்து கண்டதைத் தம் பிள்ளைகளுக்குக் காட்டி, 'இப்போது பார், அவன் திரும்பி வருவான்' என்று முன்னதாகவே கதை சொல்லிவிடும் பாட்டிமார் அங்கே இருந்தனர். பழைய படத்தை மறுபடி காண்பதன் முதற்பயனாகிய தலைமுறைகளின் உரையாடல், அத்தரையில்தான் தொடங்கியது.

1987 ஜனவரி 25ஆம் நாள் முதல் 1988 ஜூலை வரை ஞாயிறு காலைகளில் இராமானந்த் சாகரின் 'இராமாயணம்' ஒளிபரப்பாகியது. தொடர்ந்து 1988 அக்டோபர் 2 முதல் 'மகாபாரதம்' வந்தது. இந்தி அறியாத தமிழ் இல்லங்கள் கதையை ஏற்கெனவே அறிந்திருந்தமையால் சொற்களைப் பற்றிக் கவலைப்படவில்லை. உருது பேசும் வாணியம்பாடி, ஆம்பூர்க் குடும்பங்களுக்கோ அவ்வசனம் அத்துணை அந்நியமன்று. நவோதயா நிறுவனத்துக்காக ஜிஜோ புன்னூஸ் உருவாக்கிய விவிலியக் கதைத் தொடரும் 1990களின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் இடம்பெற்றது. சமயம் வேறாயினும், ஒரே பெட்டியின் முன்னே எல்லாரும் அமர்ந்த காலம் அது.

இதற்கிடையே 'டெக்' என்று மக்கள் அழைத்த வீடியோ கருவி வந்தது. சொந்தமாக வாங்க இயன்றவர் சிலரே. தெருவார் பணம் திரட்டித் தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் மூன்று நான்கு கேசட்டுகளையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுப்பர். விடிய விடியப் படம் ஓடும். நடு இரவிலே சிறுவர் உறங்கிவிட, பெரியவர் தாம் கேட்டு வரவழைத்த பழைய படத்தை அமைதியாகப் பார்ப்பர். தன் விருப்பப்படி ஒரு படத்தைத் தேர்ந்து, வேண்டிய இடத்தில் நிறுத்தி, வேண்டிய பாடலைத் திருப்பிப் போடும் அதிகாரம் பார்வையாளனுக்கு முதன்முதலில் அப்போதுதான் கிடைத்தது. திரையரங்கு உரிமையாளர்கள் அஞ்சினர். திருட்டு வீடியோவைத் தடுக்க 1984இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பெற்றது. அதே ஆண்டில் தமிழ்நாட்டிலும் வீடியோக் காட்சிகளை ஒழுங்குபடுத்தத் தனிச்சட்டம் இயற்றப்பெற்றது. எனினும் காலத்தின் போக்கை அவை தடுக்கவில்லை.

1993 ஏப்ரல் 14ஆம் நாள் சன் தொலைக்காட்சி தொடங்கியது. கம்பிவடம் தெருத் தெருவாகப் பரவியது. 2001இல் திரைப்படங்களுக்கெனவே 'கே டிவி' வந்தது. 2006ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியபோது, அடுத்த வீட்டுத் தரையில் அமர்ந்து பார்க்கும் தேவை ஒழிந்தது. குறுந்தகடு வந்து போயிற்று. இன்று கைப்பேசி போதும். பழைய படங்களின் உரிமையாளர் பலர் தம் படங்களை முழுமையாக யூடியூபில் வைத்திருக்கின்றனர். 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் நாடே வீட்டிற்குள் முடங்கியபோது, தூர்தர்ஷன் 28ஆம் நாள் முதல் 'இராமாயணத்தை' மீண்டும் ஒளிபரப்பியது. பெருந்திரளான மக்கள் அதனைக் கண்டனர். 2002இல் தொடங்கிய 'மெட்டி ஒலி' தொடரும் அக்காலத்தில் தமிழ் இல்லங்களுக்கு மீண்டும் வந்தது. புதிய படப்பிடிப்புகள் நின்றுபோன அந்த நாள்களில் பழையவையே நமக்குத் துணையாயின.

மறுபடி காணும் கண்கள்

பழையதை மீண்டும் பார்ப்பது இளமையை நினைத்து ஏங்குவதற்கு மட்டுமா? அவ்வாறு கருதினால் அதன் பெரும்பயனை நாம் இழப்போம். அன்று காணாததை இன்று காண்பதற்கு மறுபார்வை உதவுகிறது. மூன்று படங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, நம் கிறிஸ்தவ இல்லங்களுக்கு நெருக்கமான 'ஞானசௌந்தரி'. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் இரு கைகளும் வெட்டப்பெற்று, தேவமாதாவின் அருளால் அவற்றை மீண்டும் பெறும் ஓர் இளம்பெண்ணின் கதை. ஐரோப்பிய நாட்டார் கதை மரபில் 'கையற்ற பெண்' என்று வழங்குவது, தமிழகத்தில் கிறிஸ்தவ நாடகமாகி மேடைகளில் நிலைபெற்றது. 1948இல் ஜோசப் தளியத்தின் சிட்டாடல் நிறுவனமும், எஸ்.எஸ். வாசனின் ஜெமினி நிறுவனமும் இதனைத் தனித்தனியே படமாக்கின. டி.ஆர். மகாலிங்கமும் எம்.வி. ராஜம்மாவும் நடித்த சிட்டாடல் படமே மக்களின் உள்ளத்தை வென்றது. பெருமுதலாளியான வாசன் தம் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஜிக்கியின் குரலில் சிறுமியாகத் தொடங்கி, பி.ஏ. பெரியநாயகியின் குரலில் மங்கையாக வளரும் தேவமாதா பாடல், திரையை விட்டிறங்கி நம் ஆலயங்களுக்குள் நுழைந்து, செபப் பாடலாகவே நிலைத்துவிட்டது. பாடுகின்ற பலருக்கு அது திரைப்பாடல் என்பதே தெரியாது.

அன்று அப்படத்தைப் பார்த்தவர்கள் அருஞ்செயலைக் கண்டு கண்ணீர் வடித்தனர். இன்று வீட்டில் பார்க்கும் நம் பெண்மக்கள் வேறொன்றையும் கவனிக்கின்றனர். குற்றமற்ற ஒரு பெண்ணின் கைகள் வெட்டப்படுவதற்குத் தந்தையின் வீடே களமாகிறது. அவளைக் காப்பதற்கு வானம் இறங்கி வரவேண்டியிருக்கிறது. இந்நிலப்பகுதியில் கைகளாலேயே பிழைக்கும் பெண்கள் ஆயிரமாயிரம் பேர். காலணியின் மேற்பகுதியைத் தைப்பதும், பசை தடவுவதும், தோலை வெட்டுவதும் அவர்தம் கைகள். அவர்களுக்கு இக்கதை வெறும் பழங்கதையாக இராது.

இரண்டாவது, 'பராசக்தி'. 1952 தீபாவளிக்கு வெளிவந்த இப்படத்திற்கும் வேலூருக்கும் உள்ள உறவு ஆழமானது. இதன் தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் முதலியார் வேலூரைச் சேர்ந்தவர். நாடக மேடையிலிருந்து வந்த மெலிந்த இளைஞரான கணேசனைக் கதாநாயகனாக்குவதில் கூட்டாளியாக இருந்த ஏவி. மெய்யப்பன் தயங்கியபோதும், பெருமாள் தம் முடிவில் உறுதியாக நின்றார். அந்த நன்றியைச் சிவாஜி கணேசன் இறுதிவரை மறக்கவில்லை. ஆண்டுதோறும் பொங்கலன்று வேலூருக்குச் சென்று பெருமாளை வணங்கிப் புத்தாடை அளிப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார்.

மு. கருணாநிதியின் வசனத்திற்காகவே இப்படம் பேசப்பட்டது. தடை செய்யவேண்டும் என்னும் குரலும் எழுந்தது. நீதிமன்றக் காட்சியின் வசனத்தை ஒப்பிக்காத இளைஞர் அக்காலத்தில் அரியர். சமயத்தைத் தாக்குகிறது என்று பலர் முகம் சுளித்தனர். இன்று அச்சினமும் ஆரவாரமும் அடங்கியபின் தனியே அமர்ந்து பார்த்தால், அப்படத்தின் நடுவே நிற்பது போரினால் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் துன்பமும், கைக்குழந்தையோடு தெருவில் நிற்கும் ஒரு கைம்பெண்ணின் பசியும் என்பது புலப்படும். அவளுக்கு அடைக்கலம் தரவேண்டிய கோயிலே அவளுக்கு அச்சுறுத்தலாகிறது. எந்தச் சமயத்தாராயினும், தம் இல்லத்தின் வாயிலில் நிற்கும் ஏழையை எவ்வாறு நடத்துகிறோம் என்று தம்மையே கேட்டுக்கொள்ள வைக்கும் கேள்வி அது. வசனத்தின் முழக்கத்தில் அன்று காதில் விழாத அக்கேள்வி, வீட்டின் அமைதியில் இன்று விழுகிறது.

மூன்றாவது, ஜெமினியின் 'நந்தனார்'. 1942இல் எம்.எம். தண்டபாணி தேசிகர் பாடி நடித்த படம். தோல் தொழிலால் வாழும் நமக்கு இக்கதையில் தனி உரிமை உண்டு. பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் செய்த தொண்டு யாது? கோயிலின் பேரிகைகளுக்கும் முழவுகளுக்கும் வேண்டிய தோலையும் வாரையும் கொடுத்ததே. அவர் பதப்படுத்திய தோல் கருவறைக்கு அருகே முழங்கியது. அவரோ வெளியே நிற்க நேர்ந்தது. தில்லைக்குள் நுழைவதற்கு அவர் நெருப்பைக் கடக்கவேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையில் ஓர் ஆண்டையைப் படைத்துச் சேர்த்தார். வயல் வேலை முடியாமல் தில்லைக்குப் போகாதே என்று தடுக்கும் அவ்வாண்டை பெரியபுராணத்தில் இல்லை. திரைப்படம் பாரதியாரைப் பின்பற்றியது.

இனிய இசையில் மயங்கி நம் முன்னோர் இப்படத்தைப் பார்த்தனர். பக்தியின் உயர்வைப் பேசினர். இன்று தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ இதனைக் காணும் ஒரு தோல் தொழிலாளியின் மகன் கேட்கக்கூடிய கேள்வி வேறு: 'தோல் உள்ளே போகலாம், தோல் செய்தவன் ஏன் போகக்கூடாது?' இக்கேள்வியை அயலாரை நோக்கி மட்டும் கேட்டுவிட்டு நாம் ஓய்ந்துவிட முடியாது. சாதியின் பெயரால் ஆலயத்தில் தனியிடமும் கல்லறைத் தோட்டத்தில் தடுப்புச் சுவரும் வைத்திருந்த வரலாறு தமிழகக் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் உண்டு. நந்தனாரைத் திரும்பப் பார்க்கும்போது அச்சுவரும் நம் கண்முன் நிற்கவேண்டும். பழைய படம் கண்ணாடியாக மாறும் இடம் இதுவே.

கரைந்து போனவை

இங்கே தோலுக்கும் திரைப்படத்துக்கும் உள்ள மற்றோர் உறவையும் சொல்லுதல் பொருந்தும். படச்சுருளில் உருவத்தைத் தாங்கி நின்றது ஜெலட்டின் என்னும் மெல்லிய பூச்சு. அது விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. அதனுள் பொதிந்திருந்த வெள்ளி உப்புகளே ஒளிபட்டு நிழலாயின. பாவைக்கூத்தில் ஆட்டுத்தோலின் வழியே ஒளி பாய்ந்து இராமனும் சீதையும் திரையில் தோன்றியதை எண்ணினால், நூற்றாண்டுக் காலத் திரையுலகும் அதே உறவை வேறு வடிவில் தொடர்ந்தது எனலாம். உதகையில் 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 'இந்து' என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளைச் செய்தது. அந்த ஆலையும் இன்று மூடப்பெற்றுவிட்டது.

சுருளின் உயிர் நிலையற்றது. 1950களின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றுவது. தீப்பற்றாவிடினும் நாளடைவில் பிசினாகிப் பொடியாவது. ஓடி முடிந்த படத்திற்கு மதிப்பில்லை என்று கருதிய காலத்தில், சுருளில் உள்ள வெள்ளிக்காகவே அதனைக் கரைத்து விற்றனர். 1964இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பெற்றபோது, முதற்பேசும் படங்கள் பல ஏற்கெனவே அழிந்திருந்தன. அதன் தலைவராக விளங்கிய பி.கே. நாயர் நாடெங்கும் அலைந்து திரிந்து எஞ்சியவற்றைச் சேர்த்தார். 2003 ஜனவரியில் புனேயில் நேர்ந்த தீவிபத்தில் நைட்ரேட் சுருள்கள் பல எரிந்தன. தென்னகத்துப் பேசாப் படங்களுள் எஞ்சியதாகச் சொல்லப்பெறுவது 1933இன் 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே.

தொலைக்காட்சியின் கதையும் அதுவே. பதிவு நாடா விலையுயர்ந்தது. ஆதலால் ஒன்றை அழித்து அதன்மேல் மற்றொன்றைப் பதிவது உலகெங்கும் வழக்கமாயிருந்தது. இங்கிலாந்தில் பி.பி.சி. 1960களில் ஒளிபரப்பிய 'டாக்டர் ஹூ' தொடரின் பகுதிகள் நூற்றுக்கு அண்மையான எண்ணிக்கையில் இன்று இல்லை. அவற்றுள் சில 2013இல் நைஜீரிய நாட்டு ஒளிபரப்பு நிலையம் ஒன்றில் கிடைத்தன. இதில் நாம் வியக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. படம் தொலைந்த பகுதிகள் அனைத்திற்கும் ஒலி மட்டும் எஞ்சியிருக்கிறது. காரணம், அக்காலச் சிறுவரும் இளைஞரும் தம் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிவு செய்திருந்தனர்! அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மேரியன் ஸ்டோக்ஸ் என்னும் பெண்மணி, 2012இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொலைக்காட்சிச் செய்திகளை இரவும் பகலும் தம் இல்லத்தில் பதிவு செய்தார். எழுபதாயிரம் அளவிலான நாடாக்களை விட்டுச்சென்றார். நிறுவனங்கள் அழித்ததை வீட்டுப் பார்வையாளர் காத்தனர். நம் நாட்டில் பாட்டுப் புத்தகம் செய்த பணியை அங்கே ஒலிநாடா செய்தது.

நாம் செய்யத்தக்கது

இன்று கைப்பேசியில் கிடைக்கும் படம் என்றும் கிடைக்கும் என்று நாம் நம்பிவிடலாகாது. உரிமை மாறினால் படம் மறையும். நான்கு பக்கமும் வெட்டி, அகலத் திரைக்கு ஏற்ப இழுத்து, பாடல்களை நீக்கி, விளம்பரங்களுக்கு இடம் விட்ட படமே பல நேரங்களில் நம்மை வந்தடைகிறது. அதுவே முழுப்படம் என்று பிள்ளைகள் கருதிவிடுவர். மூலச் சுருளைக் கண்டெடுத்துச் செப்பமிட்டால் என்ன நிகழும் என்பதற்கு 1964ஆம் ஆண்டின் 'கர்ணன்' சான்று. 2012 மார்ச்சில் அது புதுப்பிக்கப்பெற்று வெளியானபோது, அரங்குகளில் வாரக்கணக்கில் ஓடியது. மக்களுக்குப் பழையதன்மேல் வெறுப்பில்லை, பழுதானதன்மேல்தான் சலிப்பு.

பெரும்பணி காப்பகங்களுடையது. ஆயினும் இல்லத்தார்க்குரிய பணியும் உண்டு. நம் வீடுகளின் பரண்மேலும் பெட்டிகளிலும் 1980களின், 1990களின் வீடியோ கேசட்டுகள் கிடக்கின்றன. அவற்றில் இருப்பவை விலைக்கு வாங்கிய படங்கள் மட்டுமல்ல. பிள்ளைகளின் புதுநன்மை, திருமணம், பங்குத் திருவிழாவின் தேர்ப்பவனி, இன்று நம்மோடு இல்லாத பெற்றோரின் குரல், இடிக்கப்பெற்று வேறு கட்டப்பெற்ற பழைய ஆலயத்தின் தோற்றம் ஆகியவையும் அங்கே உறங்குகின்றன. காந்த நாடாவில் பூஞ்சை படர்கிறது. பதிவு ஆண்டுதோறும் மங்குகிறது. அவற்றை ஓட்டும் கருவியோ 2016 ஜூலைக்குப் பின் உலகில் எங்கும் செய்யப்படவில்லை. கடைசியாகச் செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் அம்மாதத்தோடு நிறுத்திவிட்டது. இருக்கும் கருவிகள் பழுதாகிவிட்டால் கேசட்டுகள் வெறும் கறுப்புப் பெட்டிகளே. நகரங்களில் இவற்றைக் கணினிப் பதிவாக மாற்றித் தருவோர் இன்னும் இருக்கின்றனர். ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கிற்கு இரண்டு மூன்றையேனும் மாற்றிவைத்தல் வேண்டும். பங்குதோறும் இளையோர் இதனை ஒரு பணியாக மேற்கொள்வராயின், பின்வரும் தலைமுறை அவர்களை வாழ்த்தும்.

மற்றொன்று, செலவே இல்லாதது. பழைய படத்தைப் பெரியவர்களோடு சேர்ந்து பாருங்கள். எந்தக் கொட்டகையில் முதலில் பார்த்தார்கள், என்ன கட்டணம், எவரோடு போனார்கள், எந்தக் காட்சியில் அழுதார்கள், வீடு திரும்பியபின் யார் அடித்தார்கள் என்றெல்லாம் கேளுங்கள். கேட்டதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். மணல் தரையின் வரலாற்றை எந்தக் காப்பகமும் சேர்த்துவைக்கவில்லை; அது எழுபதும் எண்பதும் கடந்தவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. படம் இனி இணையத்தில் கிடைக்கலாம். அந்நினைவு அங்கே கிடைக்காது.

மூன்றாவதாக, கேள்விகளோடு பாருங்கள். கண்ணீரும் பாடலும் தரும் இன்பத்தை மறுக்கவேண்டுவதில்லை. அதனோடு, 'இங்கே யார் பேசுகிறார்? யார் பேசாமல் நிற்கிறார்? யாருடைய உழைப்பால் இக்கோயிலும் இவ்வீடும் எழுந்தன?' என்று பிள்ளைகளைக் கேட்கப் பழக்குவோம். ஞானசௌந்தரியின் கைகளும், பராசக்தியின் தங்கை சுமந்த குழந்தையும், நந்தனார் கொடுத்த தோலும் அப்போது வெறும் நிழலாக இரா. நாட்றம்பள்ளியிலும் ஆம்பூரிலும் காலையில் ஆலைப் பேருந்துக்காகக் காத்திருக்கும் மனிதர்களை இன்னும் கூர்மையாகக் காணும் பார்வையை அவை நமக்குத் தரும்.

வேலூரில் பிறந்த ஒருவர் எடுத்த முதற்படத்தை நம்மால் இனி ஒருபோதும் காண இயலாது. ஆனால் இன்னும் அழியாதவை பல நம் கைக்கு எட்டும் தொலைவில் உள்ளன. அவற்றைக் கவனத்தோடு பார்ப்பதும், நம்மிடம் இருப்பதைக் காப்பதும், கேட்டறிந்ததைச் சொல்லிச் செல்வதும் நம் தலைமுறையின் கையில் இருக்கின்றன.